அவர் சொன்னதை நம்ப வேண்டாம்

என் மூக்குக்கண்ணாடிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘மேற்பார்வைக் கருவி, வகை இரண்டு’. நாங்கள் வைத்த பெயர் மாமியார். தமிழ்நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் கண்நல உதவியாளர்கள் இருக்கிறோம், யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். காலையில் மூக்கில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இறங்காது. நான் பார்ப்பதைப் பார்க்கும், பேசுவதைக் கேட்கும், குரல் ஒரு பிடி உயர்ந்தால் குறித்துக்கொள்ளும். என் சொந்த மாமியார் தங்கமானவர். இந்தப் பெயரைக் கேள்விப்பட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கண்ணாடியின் வலது காம்பில், என் கடைக்கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒரு சின்ன விளக்கு உண்டு. பச்சை எரிந்தால், மதுரையில் இருக்கும் மேற்பார்வை டாக்டர் என் கண்ணாடி வழியாக நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அவருக்கு என்னைப் போல நாற்பது பேர். மஞ்சள் என்றால் டாக்டர் இல்லை, கண்ணாடி மட்டும்தான் காவல். சிவப்பு என்றால் உதவியாளர் எல்லை மீறிவிட்டார்.

எல்லை எது என்று சட்டத்தில் மூன்று அட்டவணைகள் இருக்கின்றன. அளப்பது, எழுதுவது முதல் அட்டவணை. வந்தவர் வாயால் ‘வேணும்’ என்று சொன்னால் போதும், யாரும் பார்க்காமலே செய்யலாம். சொட்டு மருந்து விடுவது, கண்ணில் விழுந்த தூசியை எடுப்பது இரண்டாவது. அதற்குப் பச்சை வேண்டும், மருந்துக் குப்பியின் மூடியே பச்சை எரிந்தால்தான் திறக்கும். மூன்றாவது அட்டவணை, எக்காலத்திலும் செய்யக் கூடாதவை. நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. அளந்த எண் நல்லதா கெட்டதா என்று சொல்லக் கூடாது. பயமுறுத்தக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது. ஆறுதலும் ஒரு மருத்துவக் கருத்துதானாம். எண்ணைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மீதியைக் கண்ணாடியே ஒரு பெண் குரலில் சொல்லிவிடும்: “மருத்துவரைப் பாருங்கள்.”

அதை எல்லோருக்கும் சொல்லும். பார்வை கழுகு மாதிரி இருக்கிறவருக்கும் சொல்லும், நாளைக்குக் கண் போகப் போகிறவருக்கும் அதே குரலில் சொல்லும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. பஸ்ஸில் எழுதியிருக்கும் ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ மாதிரி ஆகிவிட்டது அது. யாருக்கும் காதில் விழாது.

ஆனி மாதம், கச்சான் என்கிற மேல்காற்று வீசும் காலம். தூத்துக்குடிக்குத் தெற்கே வெள்ளைக்கரை என்ற உப்பளத்து ஊரில் என் கண் மையம் இருக்கிறது. முந்தின நாள் அடித்த காற்றில் செல்போன் டவர் சாய்ந்துவிட்டது. போன் இல்லை, டாக்டர் இல்லை, விளக்கு காலையிலிருந்து மஞ்சள்.

பத்தரை மணிக்கு உப்பு லாரி ஒன்று வாசலில் நின்றது. டிரைவர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி இறங்கி வந்தார், பின்னாலேயே ஜெபக்கனி அக்கா. நாற்பது பெண்களை வைத்து உப்பு வாரும் கங்காணி. அளத்தில் அவர் சத்தம் போட்டால் கடலுக்குக் கேட்கும். அன்றைக்கு முந்தானையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“ஏட்டி வடிவு, ஒரு சொட்டு மருந்து ஊத்தி விடு. உப்புத் தூசி விழுந்துட்டு. பன்னெண்டு மணி வண்டிக்கு நாசரேத்து போகணும், எந்தம்பி மகளுக்கு இன்னைக்கு நிச்சயம்.”

“தூசின்னு சொல்லுதா, ஆனா காலையில ரெண்டு தடவ வாந்தி எடுத்தா” என்றார் டிரைவர்.

“அது பித்தம்யா. தலவலின்னா வாந்தி வரத்தான் செய்யும்.”

கையை எடுக்கச் சொன்னேன். கண் சிவந்திருந்தது. கருவிழியில் ஆவி படிந்த மாதிரி ஒரு மங்கல். டார்ச்சை அடித்தேன், கண்மணி சுருங்கவில்லை.

“விளக்கப் பாத்தா எப்படித் தெரியுது அக்கா?”

“நேத்து ராத்திரி குழல்விளக்கச் சுத்தி வானவில்லு மாதிரி வளையம் வளையமாத் தெரிஞ்சுது. நல்லாத்தான் இருந்துச்சு.”

ஊதல் கருவியை அவர் கண்ணுக்கு முன்னால் வைத்தேன். அது காற்றை ‘புஸ்’ என்று கண்ணில் ஊதி, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும். இடது கண் பத்தொன்பது. வலது கண் ஐம்பத்து நான்கு. மறுபடி ஊதினேன். ஐம்பத்து நான்கு.

ஒன்பது வருட வேலையில் இந்த எண்ணை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இது என்ன நோய் என்று எனக்குத் தெரியும். சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி மேசையில் படுத்தால் கண் பிழைக்கும், நிச்சயதார்த்தப் பந்தலில் உட்கார்ந்தால் பிழைக்காது. என் கையில் அந்தக் கண்ணுக்கான சொட்டு மருந்து இருந்தது, மூடி திறக்காது.

“வலது கண் அம்பத்தி நாலு” என்றேன்.

“மருத்துவரைப் பாருங்கள்” என்றது கண்ணாடி.

“பாக்கலாம் பாக்கலாம்” என்று ஜெபக்கனி அக்கா எழுந்துவிட்டார். “போன மாசம் வந்தப்பவும் இதத்தான் சொல்லுச்சு. மருந்து உண்டா, இல்லையா? இல்லன்னா நான் வண்டியப் பிடிக்கேன்.”

ஏன் பேசாமல் உண்மையைச் சொல்லித் தொலைக்கக் கூடாது என்று நீங்கள் கேட்பீர்கள். வாயைத் திறந்தேன், ஒப்புக்கொள்கிறேன். லைசென்ஸ் போனால் போகட்டும் என்றுதான் திறந்தேன். ஆனால் சிவப்பு எரிந்தால் லைசென்ஸ் மட்டும் போகாது. கண்ணாடி தன் முழுக் குரலில் நோயாளியிடம் ஓர் அறிவிப்புச் செய்யும்: “உதவியாளர் எல்லை மீறியுள்ளார். அவர் சொன்னதை நம்ப வேண்டாம்.” பக்கத்து மையத்தில் ஒரு முறை நடந்தது. அந்த உதவியாளர் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள், நோயாளி கண்ணாடியை நம்பி வீட்டுக்குப் போய்விட்டார். நான் கத்தினால் ஜெபக்கனி அக்காவுக்கு நாசரேத்து போக அரசாங்கமே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

திறந்த வாயை மூடினேன். அக்கா வாசல்படியைத் தாண்டப் போனார்.

“அண்ணாச்சி, உங்க கண்ண அளக்கட்டுமா?” என்றேன் டிரைவரிடம்.

“எனக்கா? எனக்கு என்னத்துக்கு?”

“சும்மாதான். வேணுமா, வேண்டாமா? நீங்க வேணும்னு சொல்லணும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். இருபது வருடம் லாரி ஓட்டியவர், முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கைப் பார்த்துப் பழகியவர். “வேணும்” என்று உட்கார்ந்தார்.

புஸ். “பதினாறு” என்று சத்தமாகச் சொன்னேன். கண்ணாடி தன் பாட்டைப் பாடியது.

“செல்லத்தாயி அக்கா, நீங்க வாங்க.” அவர் மையத்தைப் பெருக்கித் துடைக்கிறவர். “வேணும், வேணும்” என்று விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்தார். “பதினாலு.” வாசலில் காவலுக்கு இருக்கும் அருமைநாயகம் அண்ணாச்சிக்கு ஊதினேன். “பதினேழு.” கடைசியில் என் கண்ணுக்கு நானே ஊதிக்கொண்டேன். “எனக்கு பதினஞ்சு.”

விளக்கு மஞ்சளிலேயே துடித்துக்கொண்டிருந்தது. மாமியார் யோசிக்கிறாள். அளப்பது முதல் அட்டவணை, எண்ணைச் சொல்வதும் முதல் அட்டவணை. ஆனாலும் ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஜெபக்கனி அக்கா வாசல்படியில் நின்றுவிட்டார். அவர் கங்காணி. தினமும் வரப்பில் நின்று உப்புக் குவியல்களைக் கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்கிறவர். வரிசையில் ஒரு குவியல் மட்டும் ஒசந்து நின்றால் அவர் விடமாட்டார்.

“ஏட்டி, எல்லாருக்கும் பதினாலு, பதினாறுன்னு வருது. எனக்கு மட்டும் எதுக்கு அம்பத்தி நாலு?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். சும்மா இருப்பதைத் தடுக்க மூன்று அட்டவணையிலும் பிரிவு இல்லை.

“நீ ஏன் வாயத் திறக்க மாட்டேங்க?”

“மருத்துவரைப் பாருங்கள்” என்றது கண்ணாடி.

இந்தத் தடவை அது அவர் காதில் விழுந்தது. முந்தானையை எடுத்து மறுபடி கண்ணைப் பொத்திக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது. “மந்திரம், வண்டிய டவுன் ஆஸ்பத்திரிக்கு விடு. நிச்சயத்துக்கு எந்தம்பி பெண்டாட்டி இருக்கா, பாத்துக்கிடுவா.”

உப்பு மூட்டைகளோடு லாரி தூத்துக்குடிக்குப் பறந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

பத்து நாள் கழித்து ஜெபக்கனி அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கருவிழி ஓரத்தில் லேசர் கதிரால் ஊசிமுனை அளவு துளை போட்டுத் தண்ணீர் இறங்க வழி பண்ணியிருந்தார்கள். வந்த அன்றே மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்கியதால் கண் தப்பியது, சாயங்காலமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்களாம். இடது கண்ணைப் பொத்தி வலது கண்ணால் படிக்கச் சொன்னேன். கடைசிக்கு முந்தின வரிவரை படித்துவிட்டு, “அடுத்த வரி அச்சு சரியில்லை” என்று பலகையின் மேல் பழி போட்டார். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. ‘உதவியாளர் உணர்ச்சிவசப்பட்டார்’ என்று கண்ணாடி குறித்துக்கொண்டது.

அந்த வாரமே சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ‘நோயாளி அல்லாத நால்வரின் கண்களை அளந்து, எண்களை ஒப்பிட்டுக் காட்டி, அதன்மூலம் மருத்துவக் கருத்துத் தெரிவித்தல். அட்டவணை மூன்று.’ மாமியார் யோசித்து முடித்துவிட்டிருக்கிறாள். விசாரணைக்குக் கண்ணாடியும் ஊதல் கருவியும் கொண்டுவர வேண்டும். குற்றம் நிரூபணமானால் லைசென்ஸ் ரத்து, மையம் மூடல். பதினோரு ஊருக்கு அந்த ஒரு மையம்தான்.

எழும்பூரில் ஆறாவது மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். டாக்டர் ஹபீபா, விசாரணைக் குழுவின் தலைவர், ஐம்பது வயது கண் மருத்துவர். பக்கத்தில் பரஞ்சோதி, சட்டத்துறை அதிகாரி. இந்தச் சட்டத்தின் ஒவ்வொரு வரியையும் எழுதியவர் அவர்தான் என்று வாசலில் டைப்பிஸ்ட் மாலதி என் காதில் போட்டிருந்தார். நான் எதிர்பார்த்தது மீசையை முறுக்கும் ஆள். ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாவோடு, ஒரு கணக்கு வாத்தியார் மாதிரி இருந்தார்.

“சுடலைவடிவு, நீங்க கெட்டிக்காரங்க” என்று ஆரம்பித்தார். பாராட்டு இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. “நாலு பேரை வரிசையா உட்கார வெச்சு அளந்து, அந்த அம்மாவுக்குப் புரிய வெச்சிருக்கீங்க. வாயால சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?”

“நான் புரிய வைக்கலை சார். அவங்க புரிஞ்சுக்கிட்டாங்க.”

ஹபீபா டாக்டர் குனிந்து பேப்பரைப் பார்த்தார். சிரிப்பை மறைக்கிறார் என்று பட்டது.

“அவங்க கண்ணு பிழைச்சிருக்கு, பரஞ்சோதி.”

“பிழைச்சதுல எனக்கும் சந்தோஷம்தான் டாக்டர். ஆனா நாளைக்கு இன்னொரு உதவியாளர் இதே மாதிரி தப்பா ஒண்ணைப் புரிய வெப்பாரு.” அவர் என் பக்கம் திரும்பினார். “இந்தச் சட்டத்தை நான் ஏன் எழுதினேன்னு உங்களுக்குத் தெரியாது. எங்கம்மாவுக்குத் தலைவலி, வாந்தி, கண் சிவப்பு. அப்போ எல்லாம் உதவியாளர் எது வேணா சொல்லலாம். ‘பித்தம்தாம்மா, ரெண்டு நாள்ல சரியாயிடும்’னு ஒருத்தர் ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷன்தான், ஆசையாத்தான் சொன்னார். ஒரு கண் அந்த வாரமே போச்சு. இன்னொண்ணு அடுத்த வருஷம். அப்புறம் பதினெட்டு வருஷம் எங்கம்மா என் குரலைத்தான் பாத்தாங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஆறுதலைச் சொன்னவர் என் மாதிரி ஒருத்தர்தான். ஒன்பது வருடமாகத் திட்டிய சட்டத்துக்குப் பின்னால் ஓர் அம்மா இருப்பார் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

“அதனாலதான் எண்ணை மட்டும் விட்டேன்” என்றார். “எண் பொய் சொல்லாது, ஆறுதலும் சொல்லாது. அர்த்தம் சொல்ல டாக்டர் இருக்காங்க.”

“எண்ணுக்கு அர்த்தம் தெரியாதவங்களுக்கு அது வெறும் சத்தம் சார்” என்றேன். “எங்க ஊர்ல யாரும் அதைக் காதுல வாங்குறதில்லை.”

“படிக்காதவங்க அப்படி இருக்கலாம். அதுக்கு விழிப்புணர்வு கொடுக்கணும். சட்டத்தை வளைக்கக் கூடாது.” சொல்லிக்கொண்டே நாற்காலியை முன்னால் இழுத்தார். “சரி, பண்ணிக் காட்டுங்க. அன்னைக்கு எப்படிப் பண்ணீங்களோ அப்படியே. எந்த இடத்துல அது ஒப்பீடா மாறுதுன்னு பதிவு பண்ணிக்கலாம்.”

கண்ணாடியை மாட்டினேன், விளக்கு மஞ்சளாக எரிந்தது. முதலில் ஹபீபா டாக்டர் தானாகவே முகத்தை நீட்டினார். “வேணும்.” புஸ். “பதினஞ்சு.” மாலதி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு வந்தார். “பதினெட்டு.” ஒவ்வொரு முறையும் கண்ணாடி மருத்துவரைப் பார்க்கச் சொன்னது. மருத்துவரிடமே அதைச் சொன்னபோது எங்கள் நால்வருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பரஞ்சோதி சாருக்கும்தான்.

“எனக்கும் பாருங்க” என்றார் சிரிப்பு மாறாமல். “வேணும்.”

புஸ். வலது கண் முப்பத்தாறு. இடது கண்ணுக்கு ஊதினேன். முப்பத்து மூன்று.

கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி ஊதினேன். அதே எண்கள்.

“வலது முப்பத்தாறு. இடது முப்பத்தி மூணு.”

“மருத்துவரைப் பாருங்கள்.”

ஹபீபா டாக்டரின் கையில் இருந்த பேனா மேசைமேல் விழுந்தது. பரஞ்சோதி சார் அதைக் கவனிக்கவில்லை. “ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஆபீஸ் முகாம்ல பாத்தாங்க” என்றார் சாதாரணமாக. “அப்போ முப்பத்தொண்ணுன்னு சொன்னாங்க. கண்ணாடி இதையேதான் சொல்லிச்சு. எல்லாருக்கும் சொல்றதுதானேன்னு...”

அங்கே நிறுத்திவிட்டார்.

மாலதியைப் பார்த்தார். பதினெட்டு. ஹபீபா டாக்டரைப் பார்த்தார். பதினஞ்சு. பிறகு என்னைப் பார்த்தார். வாசல்படியில் நின்ற ஜெபக்கனி அக்காவின் அதே முகம். படித்த முகத்துக்கும் படிக்காத முகத்துக்கும் அந்த நேரத்தில் நூலளவு வித்தியாசம் இல்லை.

“எனக்கு வலியே இல்லையே” என்றார் மெதுவாக. “தலைவலிகூட இல்லை. அம்மாவுக்கு இருந்துதே.”

எனக்குத் தெரியும். வலியில்லாமலும் வரும், தாய்க்கு வந்தால் பிள்ளைக்கும் வரலாம், சத்தம் போடாமல் பார்வையின் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். எல்லாம் அட்டவணை மூன்று. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“சொல்லுங்க வடிவு. இது... அதுதானா?”

“சொல்லக் கூடாது சார். நீங்க எழுதினதுதான்.”

அதைக் குத்தலுக்குச் சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் சொன்னேன். ஆனால் சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு உதவியாளர் முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டு, என்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு இவரை வழியனுப்பியிருக்கிறார். இன்னொரு முறை அது நடக்கக் கூடாது. ஒரு சொல் சொன்னேன். இப்போது அதை நாங்கள் எல்லோரும் சொல்கிறோம், அட்டவணை ஒன்றிலேயே அச்சாகியிருக்கிறது. அன்றைக்கு இல்லை.

“இன்னைக்கே போங்க சார்.”

விளக்கு சிவந்தது. ஒன்பது வருடத்தில் என் முதல் சிவப்பு. அறை அதிரும்படி அந்தப் பெண் குரல் எழுந்தது.

“உதவியாளர் எல்லை மீறியுள்ளார். அவர் சொன்னதை நம்ப வேண்டாம்.”

மாலதி ரொம்பத் தயங்கி, “சார், விசாரணை முடிவுன்னு என்ன அடிக்கட்டும்?” என்று கேட்டார்.

“தள்ளுபடின்னு அடிம்மா” என்றார் ஹபீபா டாக்டர், ஏற்கெனவே எழுந்து தன் பையைத் தோளில் மாட்டியபடி. “வாங்க பரஞ்சோதி, என் கிளினிக் பக்கத்துலதான் இருக்கு. கண் நரம்பு எவ்வளவு மிச்சமிருக்குன்னு பாத்துடலாம். நல்லாவே மிச்சமிருக்கும்னு நினைக்கிறேன். காலையில நான் பக்கவாட்டுல வந்ததைத் தலை திருப்பாமலே பாத்துக் கிண்டல் பண்ணின ஆள் நீங்க.”

பரஞ்சோதி சார் எழுந்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் முகத்தில் பயத்தைவிட, தொலைத்தது எங்கே என்று தெரிந்துவிட்டவரின் தெளிவுதான் இருந்தது. மேசையைச் சுற்றி என் அருகே வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என் கண்ணோரம் எரியும் சிவப்பு விளக்கை நோக்கிக் குனிந்து, தான் எழுதிய வரிக்குத் தானே பதில் சொன்னார்.

“நம்புறேன்.”

டாக்டர் அதற்குள் லிஃப்ட் பட்டனை அமுக்கியிருந்தார்.